சின்ன பிளக், பெரிய பொறுப்பு
மலைப்பாதையில் வண்டி ஓட்டுவோருக்கும் அவர் வீட்டாருக்கும் ஒரு தொழிற்பாடம்

கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஆட்டோ என்பது இன்று வெறும் வாடகை வண்டி அல்ல. பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டு போவது அது. கடையிலிருந்து மா மூட்டையைக் கொண்டு வருவது அது. நள்ளிரவில் பிரசவ வலி எடுத்த தாயை லயத்திலிருந்து பெரிய வீதிக்கு இறக்குவதும் அதுதான். இலங்கையில் பதிவான முச்சக்கரவண்டிகள் 11 இலட்சத்துக்கும் அதிகம். அவற்றில் கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, மடுல்கலை, றங்கல பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஓடுகின்ற வண்டிகள் படுகிற பாடு கண்டி நகரத்தில் ஓடுகிற வண்டிக்குத் தெரியாது. கல்லும் குழியும் ஏற்றமும் மூடுபனியுமாக உள்ள பாதை அது. நகரத்தில் வண்டி நின்றால் அடுத்த சந்தியில் கராஜ் இருக்கும். பத்தாம் நம்பர் மலையில் நின்றால் தேயிலைச் செடிதான் துணை.

இப்படி நடுவழியில் நிற்கும் வண்டிகளின் நோயைப் பார்த்தால், பல வேளைகளில் அது சின்ன நோயாகவே இருக்கும். கரி பிடித்த பிளக், ஈரம் பட்ட பிளக் மூடி, அறுந்த கேபிள், எரிந்த ஃபியூஸ் என்று இவ்வளவுதான். சின்ன நோய்க்குச் சின்ன மருந்து கையில் இருந்தால் பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே இந்த இதழில் இரண்டு விடயங்களைப் பார்ப்போம். ஒன்று, பிளக்கைப் பராமரிப்பது எப்படி. மற்றது, வண்டியில் எப்போதும் இருக்க வேண்டிய உதிரிப்பாகங்கள் எவை. ஆட்டோக்காரருக்கு மட்டுமல்ல, மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவருக்கும், பெற்றோலில் ஓடும் பழைய லேண்ட் ரோவர், ஜீப் ஓட்டுபவருக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

கொழுந்து லொறிக்கும் டிரக்டருக்கும் பொருந்தாது. அவை டீசல் வண்டிகள். டீசல் எஞ்சினில் காற்றை இறுக்கி அமுக்கும்போது வரும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும், தீப்பொறி தேவையில்லை. சில டீசல் வண்டிகளில் 'ஹீட்டர் பிளக்' என்று ஒன்று உண்டு. அது குளிரில் எஞ்சினைச் சூடாக்க உதவுவது. அது வேறு, இது வேறு.

பிளக் செய்யும் வேலை

பெற்றோலும் காற்றும் கலந்து எஞ்சினுக்குள் போகின்றன. பிஸ்டன் அதை அமுக்குகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு தீப்பொறி விழுந்தால்தான் கலவை வெடித்துப் பிஸ்டனைத் தள்ளும். அந்தப் பொறியைப் போடுவது பிளக். அடுப்பில் விறகு அடுக்கி மண்ணெண்ணெய் ஊற்றினாலும் தீக்குச்சி இல்லாமல் எரியாது அல்லவா? பிளக்தான் எஞ்சினின் தீக்குச்சி.

ஆனால் இது சாதாரணத் தீக்குச்சி அல்ல. நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 1,500 தடவை பொறி வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 3,000 தடவை வேண்டும். பற்றரியில் இருப்பது 12 வோல்ட். கொயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திப் பிளக்குக்கு அனுப்புகிறது. அந்த மின்சாரம் நடுக் கம்பியிலிருந்து பக்கத்துக் கொக்கிக்குப் பாய்வதே நாம் காணும் நீலப் பொறி. வெளியே தெரியும் வெள்ளைப் பீங்கான், இந்த மின்சாரம் வழியில் கசிந்து போகாமல் காக்கும் சுவர். பீங்கானில் மயிர்க்கோடு போல வெடிப்பு விழுந்தாலும் சுவர் உடைந்த மாதிரிதான்.

இந்த யுக்தி புதியதல்ல. பெல்ஜியத்தில் பிறந்து பாரிசில் வாழ்ந்த லெனுவார் என்பவர் 1860ஆம் ஆண்டிலேயே தமது வாயு எஞ்சினில் மின்பொறியைப் பயன்படுத்தினார். ஜேர்மனியில் பொஷ் கம்பனியின் பொறியியலாளர் ஹோனோல்ட் 1902இல் உயர் வோல்ட் மக்னெற்றோவுடன் வேலை செய்யும் பிளக்கை உருவாக்கினார். அதன் பின்னரே மோட்டார் வண்டி நம்பகமான வண்டியாயிற்று. லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்தபோது மலையில் மோட்டார் வண்டி இல்லை. இன்று அதே மலைகளில் ஏறுகின்ற ஒவ்வொரு பெற்றோல் வண்டிக்கும் இந்தச் சின்னப் பொருள்தான் உயிர்.

மலையில் பிளக் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

பிளக்கின் நுனிக்கு ஓர் அளவான சூடு தேவை. ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்கு மேலே போனால் நுனியில் படியும் கரி தானாகவே எரிந்துவிடும். 850 பாகைக்கு மேலே போனால் பொறி விழுமுன்பே கலவை பற்றிக்கொள்ளும், எஞ்சினுக்கும் கேடு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பிளக் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். நம் பாதைகளில் அந்த நடு நிலை அடிக்கடி தவறிப் போகிறது. காரணங்கள் இவை:

முதலாவது, குறுகிய ஓட்டம். லயத்திலிருந்து ஸ்டோர் வரை, ஸ்டோரிலிருந்து கோயில் வரை என்று ஓடி நிறுத்தினால் எஞ்சின் சரியாகச் சூடேறாது. ஆள் வரும் வரை எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி வைப்பதும் அப்படியே. கரி எரியாமல் படியும்.

இரண்டாவது, உயரம். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா 1,868 மீற்றர். மேலே போகப் போகக் காற்று மெலிதாகும். 1,000 மீற்றர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். காபரேட்டர் உள்ள வண்டி இதை அறியாது. கீழே ட்யூன் பண்ணியபடி அதே அளவு பெற்றோலை விடும். காற்றுக் குறைவு, பெற்றோல் அதிகம். ஆகவே புகையும் கரியும் வரும். கண்டியில் நன்றாக ஓடிய வண்டி மலையில் மூச்சு வாங்குவது இதனால்தான். இன்ஜெக்ஷன் முறையில் ஓடும் புதிய வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. அவை காற்றை அளந்து பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும்.

மூன்றாவது, தூசி. மழையற்ற காலத்தில் தோட்டப் பாதையின் செம்மண் தூசி எயார் ஃபில்டரை அடைத்துவிடும். எஞ்சின் பின்பக்கம் உள்ள ஆட்டோவில் சக்கரம் கிளப்பும் தூசியும் சேறும் எஞ்சினைச் சுற்றியே வரும். ஃபில்டர் அடைத்தால் காற்றுக் குறையும், மறுபடியும் கரிதான்.

நான்காவது, ஈரம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கத்தை நனைக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை நக்கிள்ஸ் மலையின் கிழக்குப் பக்கத்தை நனைக்கும். இடையில் ஒக்டோபர், நவம்பர் மழை வேறு. ஆக, ஏதோ ஒரு மலையில் எப்போதும் ஈரம் உண்டு. பிளக் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே போய், மின்சாரம் பொறியாகாமல் வெளியே கசிந்துவிடும்.

பிளக்கை வாசிக்கப் பழகுங்கள்

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். அதுபோல எஞ்சினின் நாக்கு பிளக்தான். கழற்றி அதன் நுனியைப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். சிறிது தூரம் நன்றாக ஓட்டி நிறுத்திய பின், எஞ்சின் ஆறியதும் கழற்றிப் பாருங்கள்.

1. வெளிர் பழுப்பு அல்லது இளம் சாம்பல் நிறம்: எஞ்சின் சுகமாக இருக்கிறது. இடைவெளியை மட்டும் பார்த்துத் திருப்பிப் பூட்டுங்கள்.

2. காய்ந்த கறுப்புக் கரி, விரலால் தேய்த்தால் ஒட்டும்: பெற்றோல் அதிகம், காற்றுக் குறைவு. எயார் ஃபில்டர், சோக், காபரேட்டர் மூன்றையும் பார்க்க வேண்டும்.

3. ஈரமான, மினுமினுக்கும் கறுப்பு: எண்ணெய் எரிகிறது. நான்கு ஸ்ட்ரோக் வண்டியானால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியானால் பெற்றோலில் எண்ணெயை அதிகம் கலந்திருக்கலாம். (2008 தொடக்கம் இரண்டு ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழையதை இன்னும் வைத்திருப்போர் எண்ணெயை அளந்து ஊற்றப் பழக வேண்டும். கை அளவு உதவாது.)

4. சுண்ணாம்பு போல வெள்ளை, சில வேளை சிறு கொப்புளங்கள்: அதிக சூடு. காற்று எங்கேயோ கசிந்து உள்ளே போகிறது, அல்லது பிளக் தளர்ந்திருக்கிறது, அல்லது வண்டிக்குப் பொருந்தாத நம்பர் பிளக். இதை அலட்சியம் செய்தால் பிஸ்டனுக்கே ஆபத்து.

5. பெற்றோல் வாடையுடன் நனைந்திருந்தால்: பெற்றோல் வருகிறது, ஆனால் பற்றவில்லை. பொறி இல்லை, அல்லது சோக்கை இழுத்து இழுத்து மூழ்கடித்து விட்டீர்கள்.

6. நடுக் கம்பி தேய்ந்து மொட்டையாகி இருந்தால், பீங்கானில் வெடிப்பு இருந்தால்: சுத்தம் செய்து பயனில்லை. மாற்றிவிடுங்கள்.

இங்கே ஒரு முக்கிய விடயத்தை நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். கரி பிடித்த பிளக்கை எடுத்துப் புதியதைப் போட்டால் வண்டி ஓடும். அது முதலுதவி மட்டுமே, வைத்தியம் அல்ல. கரி ஏன் பிடித்தது என்ற காரணத்தை நீக்காவிட்டால் புதிய பிளக்கும் சில வாரங்களில் கறுக்கும். "பிளக் மாத்தி மாத்தியே காசு போச்சு" என்று புலம்புகின்றவர்கள் பலர் எயார் ஃபில்டரைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி?

மாதத்தில் ஒரு நாள், சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணித்தியாலம் போதும்.

எஞ்சின் ஆறட்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய மரை பிய்ந்துகொண்டு வரும். மரை போனால் பிளக் விலையல்ல, ஹெட் விலை கொடுக்க வேண்டும்.

பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் பிரஷ்ஷால் தட்டி ஊதிவிடுங்கள். இல்லாவிட்டால் கழற்றியதும் அவ்வளவும் எஞ்சினுக்குள் விழும்.

மூடியைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். பிளக் ஸ்பேனரை நேராகப் போட்டுக் கழற்றுங்கள். சாய்த்தால் பீங்கான் வெடிக்கும். சில வண்டிகளில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக் இருக்கும். இரண்டையும் பாருங்கள். நான்கு சிலிண்டர் பழைய ஜீப்பானால் எந்த வயர் எந்தப் பிளக்குக்கு என்று முதலில் அடையாளம் கட்டி வையுங்கள்.

கரியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கம்பிகளின் நுனியை மெல்லிய எமரித் தாளால் லேசாகத் துடைக்கலாம். பின் துணியால் துடைத்து ஊதி, மணல் தூள் ஒன்றும் தங்காமல் பாருங்கள். இரிடியம், பிளாட்டினம் பிளக்கானால் எமரித் தாள் படவே கூடாது.

சிலர் பிளக்கை அடுப்புத் தணலில் போட்டுச் சுடுவார்கள். கரி போகும் என்பது உண்மை. பீங்கானும் கூடவே வெடிக்கும் என்பதும் உண்மை. வேண்டாம்.

அடுத்தது இடைவெளி. நடுக் கம்பிக்கும் கொக்கிக்கும் நடுவில் உள்ள இடைவெளி சின்ன வண்டிகளில் பொதுவாக 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு வண்டியின் கைநூலில் உண்டு. ஃபீலர் கேஜ் என்னும் அளவுத் தகடு வாங்கி வைப்பது நல்லது. விலை அதிகமில்லை, ஆயுளுக்கும் உழைக்கும். இடைவெளி கூடினால் ஸ்டார்ட் எடுப்பது கடினம், ஏற்றத்தில் விட்டு விட்டு இழுக்கும். குறைந்தால் பொறி பலவீனமாகும். சரிசெய்யும்போது பக்கத்துக் கொக்கியை மட்டும் மெதுவாக வளையுங்கள். நடுக் கம்பியில் எதையும் வைத்து நெம்பக் கூடாது.

பூட்டும்போது முதலில் கையால் மட்டும் திருகுங்கள். கையால் சுகமாகப் போனால்தான் மரை சரியாகச் சேர்ந்தது என்று அர்த்தம். முட்டினால் கழற்றித் திரும்பவும் போடுங்கள். வாஷர் அடியில் தொட்ட பின், புதிய பிளக்கானால் ஸ்பேனரால் அரைச் சுற்று. பழைய பிளக்கானால் வாஷர் முன்னமே அமுங்கியிருக்கும். இறுக்கிப் பிடிக்கும் அளவுக்குச் சிறிது திருகினால் போதும். பலத்தைக் காட்டும் இடம் இதுவல்ல.

கூடவே எயார் ஃபில்டரைத் திறந்து தூசி தட்டுங்கள். பிளக் மூடியின் ரப்பரைப் பாருங்கள். வெடித்திருந்தால் மழைக்கு முன் மாற்றுங்கள்.

வாங்கும்போது கவனம்

பிளக்கின் மேல் எழுத்தும் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அதுதான் அதன் ஜாதகம். மரையின் பருமன், நீளம், சூட்டு அளவு எல்லாம் அதில் அடங்கும். "எல்லாம் ஒன்னுதான் தம்பி, போடு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நீளம் கூடிய பிளக் பிஸ்டனில் முட்டலாம். சூட்டு எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்த பிளக். பொஷ், சம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் சூடான பிளக். ஆகவே ஒரு கம்பனியின் எண்ணை வைத்துக்கொண்டு மற்றக் கம்பனியின் பிளக்கைத் தேர்ந்தெடுக்க முடியாது. பழைய பிளக்கைக் கையில் கொண்டு போய்க் காட்டி, கைநூலில் உள்ள எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். சந்தையில் போலிப் பிளக்குகளும் உலவுகின்றன. பெட்டியின் அச்சு மங்கலாக, பீங்கான் கரடாக, விலை நம்ப முடியாத அளவு மலிவாக இருந்தால் விலகிவிடுங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

வண்டியில் இருக்க வேண்டிய பை

தடித்த துணிப் பை ஒன்று, அதற்கு மேல் பொலித்தீன் உறை ஒன்று. சீட்டின் கீழ் அல்லது பின்பக்கப் பெட்டியில் ஆடாமல் கட்டி வையுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

புதிய பிளக் ஒன்று. இரண்டு பிளக் வண்டியானால் இரண்டு. இடைவெளியை முன்பே அளந்து, அதன் பெட்டியிலேயே போட்டு, துணியில் சுற்றி வையுங்கள். குலுக்கத்தில் ஸ்பேனரோடு மோதினால் பீங்கான் வெடிக்கும், கொக்கி அமுங்கும். தேவைப்படும் இரவில் அது புதிய பிளக் அல்ல, பழுதான பிளக்.

பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ ட்ரைவர், குறடு, 10, 12, 13, 14 நம்பர் ஸ்பேனர்கள்.

கிளட்ச் கேபிள் ஒன்று, எக்ஸிலேட்டர் கேபிள் ஒன்று, கைப்பிடிக் கியர் வண்டியானால் கியர் கேபிள். ஏற்ற இறக்கத்தில் கிளட்சை அடிக்கடி அமத்துகின்ற மலைநாட்டில் கேபிள் சீக்கிரம் நார் நாராகும். நுனியில் ஒரு நார் அறுந்ததைக் கண்டால் அன்றே மாற்றுங்கள்.

ஃபியூஸ் இரண்டு மூன்று, சரியான அம்பியரில். ஃபியூஸுக்குப் பதில் வெள்ளிக் கடதாசியோ கம்பியோ சுற்றுவது வயரை எரிக்கும் வேலை.

ஹெட் லைட் பல்ப் ஒன்று. இன்சுலேஷன் டேப், இரண்டு முழம் வயர், சிறிது கட்டுக் கம்பி.

காய்ந்த துணி, டோர்ச், அதற்குப் புதிய பற்றரி. ஃபோன் வெளிச்சத்தை நம்பினால் உதவிக்கு அழைக்கும் நேரம் ஃபோன் செத்திருக்கும்.

ஜாக், வீல் நட் ஸ்பேனர், சக்கரத்துக்கு அண்டைக் கொடுக்க மரக்கட்டை இரண்டு. மேலதிகச் சக்கரம் காற்றோடு இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை அமத்திப் பாருங்கள். நம் பாதையில் ஓடும் பஜாஜ் ஆட்டோக்களில் மூன்று சக்கரங்களும் ஒரே அளவு. ஒரு மேலதிகச் சக்கரம் மூன்றுக்கும் பொருந்தும். இது பெரிய வசதி. காற்றில்லாத மேலதிகச் சக்கரமோ வெறும் பாரம்தான்.

எல்லாவற்றையும் சுமக்கத் தேவையில்லை. நடுவழியில் நம் கையால் மாற்றக் கூடியது எதுவோ, அது பையில் இருக்கட்டும். பிஸ்டனும் வால்வும் கராஜுக்கு உரியவை.

கொண்டு போகக் கூடாத ஒன்று உண்டு: போத்தலில் பெற்றோல். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பலர் பெற்றோலை வீட்டில் சேர்த்து வைக்கப் பழகினார்கள். அந்தப் பழக்கம் இன்று தேவையில்லை. லயத்து அறையில் அடுப்பும் படுக்கையும் அருகருகே இருக்கின்றன. பெற்றோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது, தரையோடு தரையாகப் பரவி அடுப்பைத் தேடிப் போகும். வண்டியிலும் அப்படியே, பயணியின் காலடியில் பெற்றோல் போத்தல் வைப்பது பெரிய தவறு. தாங்கியில் போதுமான பெற்றோல் வைத்திருப்பதே பாதுகாப்பு.

இரவில் வண்டி நின்றால்

இளம் சாரதி ஒருவரும் மூத்த சாரதி ஒருவரும் ஃபோனில் பேசுவதாக வைத்துக்கொள்வோம். சோதிக்கும் ஒழுங்கு இதில் விளங்கும்.

"அண்ணே, ஏத்தத்துல நின்னுருச்சு. ஸ்டார்ட் எடுக்கவே மாட்டேங்குது."

"பதறாத தம்பி. மொதல்ல வண்டிய ஓரமா விட்டு, டயருக்குக் கட்டை வை. ஆளுங்கள இறக்கி மேட்டுப் பக்கம் நிக்கச் சொல்லு. வச்சாச்சா? பெட்ரோல் இருக்கா?"

"இருக்குண்ணே. ரிசர்வ்லயும் போட்டுப் பாத்தேன்."

"லைட்டு எரியுதா? ஹோர்ன் அடிக்குதா? ரெண்டும் இல்லைன்னா ஃபியூஸப் பாரு."

"லைட்டு நல்லா எரியுது."

"அப்ப பிளக் மூடியப் பாரு. கழண்டிருக்கா, நனைஞ்சிருக்கா?"

"நனைஞ்ச மாதிரித்தான் இருக்கு. இப்பதான் தண்ணி ஓடுற எடத்தத் தாண்டி வந்தேன்."

"உள்ளயும் வெளியயும் நல்லாத் தொடச்சுப் போட்டு அடிச்சுப் பாரு. எடுக்கலன்னா பிளக்கக் கழட்டிப் புதுசப் போடு. கழட்டுனது கறுப்பா இருக்கா, நனைஞ்சிருக்கான்னு பாத்து வச்சுக்க. நாளைக்கு அத வச்சுத்தான் வைத்தியம் பாக்கணும்."

இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் ஆட்களின் பாதுகாப்பு. பிறகு பெற்றோல், மின்சாரம், மூடி, பிளக். எளிதானது முதலில், கடினமானது பின்னால். பலர் பதற்றத்தில் முதலிலேயே காபரேட்டரைக் கழற்றி, இருட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூவைத் தொலைத்துவிட்டு நிற்பார்கள்.

பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால், கழற்றிய பிளக்கை மூடியில் செருகி, அதன் இரும்புப் பாகம் எஞ்சினின் வெறும் உலோகத்தில் நன்றாகத் தொடும்படி வைத்து எஞ்சினை அடியுங்கள். நீல நிறத்தில் சடக்கென்று பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து வந்தால் பலவீனம். கையால் பிடிக்கக் கூடாது; பல ஆயிரம் வோல்ட் விளையாட்டல்ல. பிளக் துவாரத்துக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. அங்கிருந்து பெற்றோல் ஆவி வரும். பிளக்கை உலோகத்தில் தொடாமல் அந்தரத்தில் வைத்து அடித்தால் சி.டி.ஐ. பெட்டி பழுதாகலாம், அதன் விலை பிளக்கின் விலையைப் போலப் பல மடங்கு. இந்தச் சோதனை தெரிந்தவர் காட்டித் தந்த பின்னரே செய்யுங்கள்.

நோயாளி வண்டியில் இருந்தால், வண்டியைத் திருத்துவது இரண்டாவது வேலை. முதலாவது, 1990 என்ற எண்ணுக்கு அழைப்பது. சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், அருகில் உள்ள சந்தி மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். பின் இன்னொரு ஆட்டோவை வரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பிளக்கைப் பார்க்கலாம். தோட்டத்துச் சாரதிகள் ஒருவர் மற்றவரின் ஃபோன் எண்ணை ஒரு தாளில் எழுதி வண்டியில் ஒட்டி வைத்தால், இரவில் ஒருவருக்கு ஒருவர் கைகொடுக்கலாம்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை

வண்டி பெரும்பாலும் லீசிங்கில் எடுத்தது. வண்டி நின்றாலும் தவணை நிற்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடையில் 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. ஆகவே பழைய வண்டியைப் பேணிக் காப்பாற்றுவதுதான் இன்று பல குடும்பங்களின் வழி. ஒரு நாள் ஓட்டத்தில் வருகின்றதில் சிறு தொகையை "வண்டிக் காசு" என்று டின்னில் போட்டு வையுங்கள். அதில் கை வைக்கக் கூடாது. பையிலிருந்து ஒரு பிளக்கோ கேபிளோ பாவித்தால், அந்த வாரமே அதை வாங்கித் திரும்பவும் வைக்க வேண்டும். பாவித்த பின் வெறுமையாகக் கிடக்கும் பை, இல்லாத பைக்குச் சமம்.

இதை நினைவூட்டும் பொறுப்பை வீட்டில் பிள்ளைகளிடம் கொடுங்கள். பை, டோர்ச், மேலதிகச் சக்கரம், பிளக் என்று நான்கு சொல்லை எழுதி, ஒவ்வொரு ஞாயிறும் சரி போடச் சொல்லுங்கள். கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறவர் கூடையையும் ரெட்டையும் பார்க்காமல் போவதில்லை. வண்டிக்காரருக்கும் அதே ஒழுங்குதான்.

பாடத்தை ஞாபகப்படுத்த ஐந்து கேள்விகள்

1. பிளக் நுனி காய்ந்த கறுப்பாக இருந்தால் முதலில் எதைத் திறந்து பார்க்க வேண்டும்?

2. கண்டியில் நன்றாக ஓடிய காபரேட்டர் வண்டி மலையில் புகைவது ஏன்?

3. புதிய பிளக்கைப் பையில் எப்படிச் சுற்றி வைக்க வேண்டும்?

4. பொறி பார்க்கும்போது பிளக்கின் இரும்புப் பாகம் எதில் தொட்டிருக்க வேண்டும்?

5. நோயாளியோடு வண்டி நின்றால் முதல் வேலை என்ன?

விடைகள் எல்லாம் மேலே உள்ளன. வீட்டில் ஒருவரை ஒருவர் கேட்டுப் பாருங்கள். பிறகு இந்தப் பக்கத்தைக் கத்தரித்து உங்கள் உதிரிப்பாகப் பைக்குள்ளேயே போட்டு வையுங்கள். வழியில் வண்டி நிற்கும் நாளில் அது உங்கள் கைக்கு வரட்டும்.